கொழும்பின் பழைய கதவுகளைப் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் தடவை போகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

ஒரு நாளில் ஓர் இடம் போதும். கோட்டை, புறக்கோட்டை, செட்டியார் தெரு, கொட்டாஞ்சேனை எல்லாவற்றையும் ஒரே காலையில் சுற்றினால் எண்ணூறு படம் கிடைக்கும்; அதில் எட்டுக்கூடத் தேறாது.

கோட்டையில் யோக் வீதியிலுள்ள கார்கில்ஸ் கட்டடம் (1906) நல்ல தொடக்கம். சிவப்புச் செங்கல், வளைவுகள், நிழலான நடைபாதை. வெளியே வெயில் கொளுத்தினாலும் வளைவுக்குள் பக்கவாட்டு வெளிச்சம் மென்மையாக வரும். பக்கத்தில் ஒல்லாந்தர் வைத்தியசாலை. 1681இற்கு முன்பே கட்டப்பட்டது. ஏறத்தாழ அரை மீற்றர் தடிப்பான சுவர்கள் என்பதால் ஒவ்வொரு வாசலும் ஒரு சின்ன அறை போல ஆழமாக இருக்கும். புறக்கோட்டையில் பிரின்ஸ் வீதியிலுள்ள ஒல்லாந்தர் அருங்காட்சியகம், இரண்டாம் குறுக்குத் தெருவிலுள்ள சிவப்புப் பள்ளிவாசல் (1909), கேமன்ஸ் வாசலருகே பழைய நகர மண்டபம் (1873). அதற்கு அப்பால் வுல்ஃபண்டால் தேவாலயம் (1757). கறுவாத்தோட்டப் பக்கம் போனால் தேசிய அருங்காட்சியகம் (1877).

பெயர் பெற்ற கட்டடங்களில் கற்றுக்கொண்டு, பிறகு பெயரில்லாத கதவுகளுக்குப் போங்கள். பெரிய கட்டடங்களை ஆயிரம் பேர் எடுத்துவிட்டார்கள். பழைய சோனகத் தெருவிலும் மெசெஞ்சர் வீதியிலும் மாடி யன்னல்களை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு.

புறக்கோட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை போவதுதானே நல்லது?

எதை எடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஞாயிறும் போயா தினமும் (பௌர்ணமி விடுமுறை) லொறியும், சுமை தூக்கும் நாட்டாமைமாரின் தள்ளுவண்டியும் குறைவு. நடுத்தெருவில் நின்று மேல்மாடியை ஆறுதலாக எடுக்கலாம். ஆனால் கீழ்த்தளத்தில் இரும்பு ஷட்டர் இறங்கியிருக்கும். அதற்குப் பின்னால் பழைய பலகைக் கதவு இருந்தால் அது வேலை நாளில் மட்டுமே தெரியும். வேலை நாள் காலை எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில், கடை திறந்து சாமானை வெளியே தொங்கவிடுவதற்கு முன், ஒரு இருபது நிமிடம் கிடைக்கும். ஒன்பதரைக்குப் போனால் பிளாஸ்டிக் வாளியைத்தான் எடுப்பீர்கள்.

போன் போதுமா, கமரா வேண்டுமா?

பகலில் ஒரு கதவை நேராக எடுக்கப் போன் போதும். ஒரே ஒரு விதி: 0.5 என்ற அகலக் கோணத்தைத் தொடாதீர்கள். இடம் போதவில்லையே என்று அதற்குப் போனால் நிலைக்கால்கள் வளையும், ஓரத்திலுள்ள தூண் பருக்கும். 1 என்ற சாதாரண லென்ஸ். இடமிருந்தால் 2 அல்லது 3. திரையில் தெரியும் கட்டக்கோடுகளை (grid) எப்போதும் போட்டு வையுங்கள்.

கமரா தேவைப்படுவது மூன்று வேளைகளில்: விறாந்தைக்குள் இருட்டு, மேல்மாடியின் சுதை வேலை, பெரிதாக அச்சிடும் எண்ணம்.

கதவின் மேற்பக்கம் குறுகிப் போகிறது. ஏன்?

கமராவை மேல்நோக்கிச் சரித்ததால். கதவு ஒரு தட்டையான பொருள். கமராவின் உள்ளே உள்ள சென்சரும் தட்டையானது. இரண்டும் சமாந்தரமாக இருந்தால் நேர்கோடு நேர்கோடாகவே விழும். இரண்டு பாகை சரித்தாலே உத்தரம் நிலப்படியைவிடச் சிறியதாகத் தெரியத் தொடங்கும். லென்ஸைக் குறை சொல்வதில் பயனில்லை.

செய்ய வேண்டியது இது. கதவின் நடுக்கோட்டுக்கு நேரே வந்து நில்லுங்கள். இரட்டைக் கதவானால் இரு பலகையும் சேரும் இடம்தான் நடுக்கோடு. பிறகு பின்வாங்குங்கள். கமராவின் உயரம் கதவின் பாதி உயரத்தில் இருக்க வேண்டும். கொழும்பு வீடுகளில் பெரும்பாலும் இரண்டு மூன்று படி ஏறித்தான் வாசல். படியோடு சேர்த்து, மேலே உள்ள அரைவட்டப் பூவேலைப் பலகையையும் கணக்கிட்டால் மொத்தம் மூன்றரை மீற்றர் வரும். பாதி என்பது ஒன்றே முக்கால் மீற்றர். பலருக்கு அது தலைக்கு மேலே. கையை உயர்த்தி, திரையைச் சரித்துப் பார்த்து எடுங்கள். அல்லது ஒற்றைக்கால் தாங்கியில் கமராவை ஏற்றி, இரண்டு செக்கன் டைமர் போடுங்கள்.

திரையில் மூன்றை மட்டும் பாருங்கள். இடது நிலைக்காலுக்கும் சட்டகத்தின் இடது ஓரத்துக்கும் உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்கிறதா? வலப்பக்கமும் அப்படியா? உத்தரம் கட்டக்கோட்டோடு ஒட்டி ஓடுகிறதா? முதல் இரண்டும் சரியாகி மூன்றாவது மட்டும் சாய்ந்தால் நீங்கள் நடுக்கோட்டில் இல்லை. ஒரு அடி இடம் மாறுங்கள்.

இன்னொன்று. நூறு வருடக் கதவுநிலை தச்சமட்டத்துக்கு நிற்காது. ஒரு நிலைக்கால் தாழ்ந்திருந்தால் அது அப்படியே இருக்கட்டும். சுவரின் நேரைப் பிடியுங்கள், கதவின் சரிவை விட்டுவிடுங்கள்.

எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்?

கதவும் சுற்றிச் சிறிது சுவரும் சேர்ந்து 4 மீற்றர் உயரம் சட்டகத்தில் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முழு அளவு (36 × 24 மில்லிமீற்றர்) சென்சரில் கமராவை நெட்டாகப் பிடித்தால் 50 மில்லிமீற்றர் லென்ஸுக்கு ஏறத்தாழ 5.6 மீற்றர், 35க்கு 3.9, 24க்கு 2.7. போனின் சாதாரண லென்ஸுக்கு 3 மீற்றர் அளவு. கூடிய தூரமும் நீண்ட லென்ஸும்தான் கதவின் ஆழத்தைக் காட்டும். கிட்ட நின்று எடுத்தால் கதவு உங்கள் மீது பாயும்.

புறக்கோட்டையின் ஒடுங்கிய தெருக்களில் 5 மீற்றர் கிடைப்பது பாக்கியம். எதிர்க்கடை வாசற்படியில் ஏறி நின்றால் அரை மீற்றர் தூரமும் அரை மீற்றர் உயரமும் சேர்ந்து கிடைக்கும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். அதுவும் போதாவிட்டால் கதவை முழுதாக எடுக்கும் ஆசையை விட்டு, பாதியை மட்டும் ஒழுங்காக எடுங்கள்.

எந்த நேரத்து வெயில் நல்லது?

காலையும் மாலையும் என்று எல்லா ஊருக்கும் சொல்லும் பதில் கொழும்புக்குப் பாதிதான் பொருந்தும். நாம் வட அகலக்கோடு ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறோம். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சூரியன் நமக்கு வடக்கே போகும். ஆகவே மே, ஜூன், ஜூலையில் தெற்குப் பார்த்த சுவரில் நாள் முழுக்க நேர் வெயிலே விழாது. ஒக்டோபர் முதல் பெப்ரவரி வரை வடக்குப் பார்த்த சுவருக்கு அதே கதி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஒழுங்கைகள் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி, ஏறத்தாழ கிழக்கு மேற்காக ஓடுகின்றன. எனவே அங்குள்ள வீடுகள் பெரும்பாலும் வடக்கையோ தெற்கையோ பார்க்கும். ஒரு கதவுக்கு வெயில் வேண்டுமானால் மணியைவிட மாதம் முக்கியம்.

கூரை நிழலையும் கணக்கில் எடுங்கள். ஜூன் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ 73 பாகை உயரத்தில் வடக்கே இருக்கும். 60 சென்ரிமீற்றர் நீண்ட கூரைத் தாழ்வாரம் சுவரில் 2 மீற்றர் நிழல் போடும். கதவு முழுக்க மறைந்துவிடும். டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே 60 பாகையில். அதே தாழ்வாரம் 1 மீற்றர் நிழல்தான் போடும். மேலே உள்ள பூவேலை நிழலிலும் கதவு வெயிலிலுமாகப் படம் இரண்டாகப் பிளக்கும். அப்போது மேகம் ஒன்று வரும்வரை காத்திருங்கள். இந்த ஊரில் அதற்கு அதிக நேரம் எடுக்காது. (கொழும்பில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கல்ல, ஏறத்தாழ 12.10க்கு.)

புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்கள் ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுகின்றன. காலையில் தெருவின் மேற்குப் பக்கக் கட்டடங்களும் பின்னேரம் கிழக்குப் பக்கமும் ஒளிபெறும். ஆனால் தெரு ஒடுக்கம். வெயில் மாடியில்தான் தங்கும். கீழ்த்தளத்துக் கதவுக்கு எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே கிடைக்கும். அது மோசமில்லை. ஆனால் மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் வெள்ளைச் சுவரும் நீலமாக வரும். அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைக் கதவோரம் பிடித்து முதல் படத்தை எடுத்துவிட்டால் வீட்டில் நிறத்தைத் திருத்துவது சுலபம்.

ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழையை எதிர்பார்த்துக் காலையிலேயே முடித்துவிடுங்கள். தெளிந்த வானம் கூடுதலாகக் கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரை.

செதுக்கு வேலை படத்தில் தட்டையாக வருகிறது.

வெளிச்சம் முன்னாலிருந்து வருகிறது, அதுதான். செதுக்கலின் ஆழம் நிழலில்தான் தெரியும். பிளாஷ் போட்டால் இருந்த நிழலும் செத்துப்போகும்.

வெயில் சுவரை உரசிக்கொண்டு விழும் நேரம் ஒரு பத்து இருபது நிமிடம் இருக்கும். அதற்குக் காத்திருப்பது ஒரு வழி. விறாந்தைக்குள்ளோ தேவாலயத்துக்குள்ளோ ஒரு சாதாரண எல்ஈடி டோர்ச் போதும். 30 சென்ரிமீற்றர் அகலமான ஒரு பூவேலை என்று வைத்துக்கொள்வோம். கமராவைத் தாங்கியில் நேராக நிறுத்தி, லென்ஸின் துளையளவு எஃப் 8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100 அல்லது 200, இரண்டு செக்கன் டைமர். டோர்ச்சை முக்கால் மீற்றர் தள்ளிப் பிடித்து, சுவரோடு 10 முதல் 15 பாகை மட்டும் விலக்கி ஒளியை ஓடவிடுங்கள். இன்னும் கிட்டக் கொண்டுபோனால் ஒரு ஓரம் வெளுத்து மறு ஓரம் இருளும். இடம், வலம், மேல், கீழ் என நான்கு தடவை. நான்கில் மேலிருந்தோ இடப்பக்கத்திலிருந்தோ வருவதுதான் பெரும்பாலும் வெல்லும். கீழிருந்து ஒளி வந்தால் குழியாக வெட்டியது புடைத்ததுபோலத் தோன்றும், கண் ஏமாறும்.

வுல்ஃபண்டால் தேவாலயத் தரையிலுள்ள கல்லறைக் கற்களின் எழுத்துக்கும் இதே முறைதான். கமராவைத் தரைக்குச் சமாந்தரமாகக் கீழ்நோக்கிப் பிடித்து, டோர்ச்சைத் தரையோடு படுக்கவையுங்கள். எழுத்து தெரியவில்லை என்று சோக்கோ மாவோ பூசக் கூடாது. துணியை நனைத்துத் துடைக்கவும் கூடாது. தாங்கியின் கால்களுக்கு இறப்பர் முனை இருக்கிறதா என்று முதலே பாருங்கள்.

எண்ணெய்ப் பெயின்ட் அடித்த கதவு கண்ணாடி போல மின்னுகிறது. போலரைசர் வாங்கலாமா?

போலரைசர் என்பது லென்ஸின் முன் மாட்டி மினுக்கத்தைக் குறைக்கும் கண்ணாடி. கதவுக்கு நேரே நின்று எடுக்கும்போது அதனால் பெரிய பயனில்லை. பெயின்ட் பரப்பில் அது நன்றாக வேலை செய்வது 55 பாகை அளவு பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது. நேரே நின்றால் கதவில் மின்னுவது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வெயில் படும் எதிர்ச்சுவர். அந்தச் சுவர் நிழலுக்குப் போகும் நேரத்தில் திரும்பி வாருங்கள். காசு மிச்சம்.

பித்தளைக் கைபிடியும் தட்டும் வளையமும் வேறு சங்கதி. உலோகத்தின் மினுக்கத்தைப் போலரைசர் தொடாது. உருண்டைக் குமிழில் உங்கள் முழு உருவமும் தெருவும் தெரியும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, ஒன்றரை மீற்றர் விலகி, போனில் 3 மடங்கு லென்ஸால் எடுங்கள். உருவம் ஒரு புள்ளியாகச் சுருங்கும்.

வெள்ளைச் சுவர் சாம்பல் நிறமாகவும் கருங்காலிக் கதவு வெளுத்தும் வருகிறதே?

கமரா எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். சட்டகத்தில் சுண்ணாம்புச் சுவர் அதிகமானால் வெளிச்ச அளவை (கமராவில் +/− குறியுள்ள திருத்தம்) 0.7 முதல் 1 வரை கூட்டுங்கள். கரிய மரம் அதிகமானால் 0.7 குறையுங்கள். கதவு திறந்து உள்ளே இருட்டாக இருந்தால் தாங்கியில் வைத்து ஒன்று சாதாரணம், ஒன்று 2 கூட்டி, ஒன்று 2 குறைத்து, மூன்று எடுங்கள். உள்ளே முழுக்க வெளிச்சமாக்கிவிடாதீர்கள். பழைய வீட்டு வாசலுக்குள் அந்த அரையிருட்டு இருந்தால்தான் அது வாசல்.

நிறக் கண்ணாடி பதித்த பூவேலையை வெளியே நின்று எடுத்தால் கறுப்பாகத்தான் வரும். உள்ளே விட்டால் உள்ளிருந்து, 1 முதல் 2 வரை குறைத்து எடுங்கள்.

மின்கம்பிகளை என்ன செய்வது?

இரண்டு எட்டு இடம் மாறினால் பாதி போகும். மீதியை விடுங்கள். அழித்தால் அழித்ததாகக் குறித்து வையுங்கள்.

வீட்டுக்காரர்களிடம் எப்படிக் கேட்பது?

தெருவில் நின்று எடுத்தாலும், ஆள் கண்ணில் பட்டால் முதலில் கேளுங்கள். கமராவைக் கீழே இறக்கிவிட்டு, "அக்கா, இந்தக் கதவு நல்ல வடிவா இருக்கு, ஒரு படம் எடுக்கலாமா?" அவ்வளவுதான். கடையென்றால் "முதலாளி", முஸ்லிம் கடைக்காரரானால் "நானா". சிங்களத்தில், "மே தொரே போட்டோ எகக் கன்ன புளுவன்த?" கதவின் பெருமையைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், சில வீடுகளில் உள்ளே கூப்பிட்டுப் பழைய திறப்பையே எடுத்துக் காட்டுவார்கள். கையளவு நீளமான இரும்புத் திறப்பு. அதையும் எடுங்கள், ஆனால் இணையத்தில் போடாதீர்கள். பல்லின் வடிவம் தெரியும். வீட்டு இலக்கம், வாகன இலக்கத் தகடு, உலரப் போட்ட துணி ஆகியவையும் வெளியிடும் படத்தில் வேண்டாம்.

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். காணி வழக்கு ஓடுகிற வீடு, கட்டடம் இடிபடப் போகிற வீடு இந்த ஊரில் எத்தனையோ. கமராவோடு வருபவர் யாருடைய ஆள் என்ற பயம் அவர்களுக்கு இருக்கும்.

கோட்டையில் காவலர்கள் தடுக்கிறார்களா?

ஜனாதிபதி மாளிகை, கடற்படைத் தலைமையகம், துறைமுக வாசல்கள், சோதனைச் சாவடிகள் இருக்கும் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். பின்னணியில் ஓர் ஓரமாக வந்தாலும் பிரச்சினைதான். தடுத்தால் வாக்குவாதம் வேண்டாம். எடுத்த படத்தைக் காட்டுங்கள், அழிக்கச் சொன்னால் அழியுங்கள். பெரிய முக்காலி வைத்தால் வர்த்தகப் படப்பிடிப்பு என்று நினைத்து அனுமதிக் கடிதம் கேட்பார்கள். அரைக் கிலோ பயறு நிரப்பிய துணிப்பை ஒன்றைக் கொண்டுபோனால் மதிலிலும் படியிலும் வைத்து அதன்மேல் கமராவை அமர்த்தலாம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ட்ரோன் பற்றி யோசிப்பவர்கள், சிவில் விமான சேவை அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் அதைப் பையிலிருந்தே எடுக்க வேண்டாம்.

கோயில், பள்ளிவாசல், தேவாலயம்?

கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைப் பொன்னம்பல முதலியார் நிறுவினார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்தார். கல்தூண்களும் வாசல்களும் பார்க்கப் பார்க்கத் தீராதவை. ஆனால் உள்ளே இருட்டு, எண்ணெய்ப் பிசுக்கு, பூசை. அலுவலகத்தில் கேட்டு, பூசையில்லாத வேளையில், மூலஸ்தானத்தை நோக்காமல், பிளாஷ் இல்லாமல். சிவப்புப் பள்ளிவாசலுக்கு வெள்ளி நண்பகலில் போகாதீர்கள். அதன் முகப்பு தெருவில் நின்று முழுதாக அடங்காது; வரிவரியான சிவப்பு வெள்ளைச் செங்கல்லில் ஒரு வளைவையும் ஒரு சிறு தூணையும் எடுப்பதே நல்ல படம்.

கதவு ஒல்லாந்தர் காலத்ததா என்று எப்படித் தெரியும்?

புறக்கோட்டையில் பழையதெல்லாம் ஒல்லாந்தர் காலம் என்று சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. ஒல்லாந்தர் கொழும்பை ஆண்டது 1656 முதல் 1796 வரை. நீங்கள் பார்க்கும் கடைவீடுகளில் மிகப் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. தடித்த சுவர், ஆழமான வாசல், பாரமான பலகை, மேலே அரைவட்டப் பூவேலை என்றால் பழைய பாணி. ஆனால் பாணி காலத்தைக் காட்டாது. வார்ப்பிரும்புத் தூணும் வெளிச் செங்கல்லும் பிரித்தானியர் காலம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் வட்டமான மூலையும் உதயசூரியன் வடிவ இரும்புக் கம்பியும் பெரும்பாலும் 1930கள், 40கள்.

முகப்பில் சுதையில் எழுதிய ஆண்டு அந்த முகப்பின் ஆண்டு. பின்னால் உள்ள வீடு இன்னும் பழையதாக இருக்கலாம். கதவு வேறு வீட்டிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பாகத்தலை வீதியருகே 33ஆம் ஒழுங்கையில் நான்கு சிறு வீடுகளை ஒன்றாக்கித் தனக்கு வீடு அமைத்தபோது செட்டிநாட்டுத் தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். (முன்பதிவு செய்தால் பார்க்கலாம்.) ஆகவே ஆணி, பிணைச்சல், நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சாந்து மூன்றையும் கிட்ட நின்று எடுத்து வையுங்கள். கதவுக்குப் பொருந்தாத பழைய பிணைச்சல் குழி நிலையில் இருந்தால் கதவு மாறியிருக்கிறது. பெயின்ட் உதிர்ந்த இடத்தில் பச்சைக்குக் கீழே நீலம், அதற்குக் கீழே காவி என்று அடுக்குத் தெரியும். 15 சென்ரிமீற்றர் தூரத்தில் ஒரு படம். நகத்தால் உரிக்க வேண்டாம்.

இன்னொரு சங்கதி: யன்னல், விறாந்தை என்று நாம் வாயில் வைத்திருக்கும் சொற்கள் போர்த்துக்கேயம். கொழும்பில் போர்த்துக்கேயர் காலத்துக் கட்டடத்தைத் தேடுவதைவிட அந்தச் சொற்களைத் தேடுவது லாபம்.

என்ன குறித்து வைக்க வேண்டும்?

தெரு, தெருவின் எந்தப் பக்கம், வாசல் பார்க்கும் திசை, திகதி, நேரம். திசையைப் போன் காந்தம் காட்டும். ஆனால் இரும்பு ஷட்டருக்குப் பக்கத்தில் பொய் சொல்லும், இரண்டு மீற்றர் தள்ளி நின்று பாருங்கள். ஒவ்வொரு கதவுக்கும் குறைந்தது நான்கு படம்: தெருவோடு கட்டடம், கதவு நேராக, ஒரு நிலைக்காலின் அடி, பூட்டும் பிணைச்சலும். ஒன்றிலாவது 15 சென்ரிமீற்றர் அடிமட்டம் இருக்கட்டும். நிலைக்காலின் அடியை எல்லோரும் மறப்பார்கள். ஈரமும் கறையானும் முதலில் தின்பது அதைத்தான், தச்சன் புதுத்துண்டு ஒட்டியிருப்பதும் அங்கேதான்.

லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கிறது.

கடற்காற்று ஊர். துணிப்பைக்குள் பூட்டி வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி. 40 முதல் 50 சதவீதம் நல்லது. ஜெல்லின் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்துங்கள். ஏசி அறையிலிருந்து தெருவுக்கு வந்ததும் லென்ஸ் வியர்க்கும்; கமராவைப் பைக்குள்ளேயே மூடிவைத்து 20 நிமிடம் பொறுங்கள். துடைக்கத் துடைக்க மறுபடி வியர்க்கும், துணியின் கோடுதான் மிஞ்சும்.

திருத்தும்போது எவ்வளவு திருத்தலாம்?

லைட்ரூம், ஸ்னாப்சீட் போன்ற படம் திருத்தும் செயலிகளில் நேராக்கும் வசதி உண்டு. அதற்காக எடுக்கும்போதே நாலாபக்கமும் ஐந்தில் ஒரு பங்கு சுவர் விட்டு எடுங்கள்; நேராக்கினால் மூலைகள் வெட்டுப்படும். மிகவும் சரித்து எடுத்ததை நேராக்கினால் கதவு நெட்டையாகும். அடிமட்டம் வைத்து எடுத்த படத்தோடு அகல உயரத்தை ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். வெட்டுப்பட்ட மூலையை மென்பொருள் தானாக நிரப்பும் தெரிவை அணைத்துவிடுங்கள். அது இல்லாத ஓட்டையும் இல்லாத பூவேலையையும் வரைந்து தரும். பத்து வருடம் கழித்து அந்தக் கதவைப் புதுப்பிக்க உங்கள் படத்தைத் தேடிவரும் தச்சன் அதையும் சேர்த்துச் செதுக்கிவிடுவான்.